எத்தனை தடவை

செலின் தூங்கிவிட்டாள் என்று முடிவு செய்ய இன்னும் ஒரு நிமிடம் போகட்டும் என்று ஜெசிந்தா காத்திருந்தாள். ஐந்து மாதக் குழந்தையின் தூக்கத்தை அவ்வளவு சுலபத்தில் நம்பிவிடக் கூடாது, மூடிய இமைக்குள் கருமணி ஓடிக்கொண்டிருக்கும்போது கையை உருவினால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து, ஆகவே கை மரத்துப்போனாலும் போகட்டும் என்று கட்டில் விளிம்பில் பாதி உட்கார்ந்தும் பாதி தொங்கியும் இருந்தபோதுதான் அந்த வாடை வந்தது. முதலில் குழந்தையைத்தான் முகர்ந்தாள். கழுத்து மடிப்பில் புளித்த பால், அது எப்போதும் உள்ளது, உள்ளங்கையில் கம்பளி நூலின் வாசம், இடுப்புத் துணியில் ஒன்றுமில்லை. தன் தோளை முகர்ந்தாள், காலையில் குழந்தை கக்கியது காய்ந்து வெள்ளைக் கோடாக இருந்தது, அதிலும் இல்லை. இல்லை என்று தெரிந்துகொண்டேதான் முகர்ந்தாள். ஒரு தடவை மூக்கில் ஏறினால் மறந்துபோகிற வாடையா அது, காடியும் செத்த மீனும் சேர்ந்தாற்போல, போன வாரம் புதன்கிழமை இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவியும் அன்று முழுக்க சோற்றில், துண்டில், குழந்தையின் தலைமுடியில்கூட இருந்ததே. இரண்டு அடி தூரத்தில் பக்கத்து அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அங்கே போய்ப் பார்க்காதவரை ஒன்றும் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். குன்னூரில் ஜனவரி மாதத்து மத்தியானம், வெளியே வெயில் இருக்கிறது ஆனால் அது வீட்டுக்குள் வருவதில்லை, சுவரைத் தொட்டால் ஐஸ் மாதிரி இருக்கிறது, குழந்தை தூங்குகிறது, மணி இரண்டு பத்து, எல்லாம் சரியாக இருக்கிறது. கையை உருவினாள். செலின் உதட்டை இரண்டு முறை சப்புக்கொட்டிவிட்டு அடங்கினாள்.

கண்ணாடிப் பெட்டியில் தொரைசானி தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கம் ஒதுங்கிக் கிடந்தாள். வழக்கமாக அவள் கவிழ்த்துப் போட்ட பாதிப் பூந்தொட்டிக்குள் சுருண்டுதான் கிடப்பாள், முகத்தைக்கூடக் காட்டமாட்டாள், அதனால்தானே அந்தப் பேர். அவள் கணவன் கிளமென்ட் கல்யாணத்துக்கு முந்தியே வாங்கி வளர்த்த ஆப்பிரிக்க மலைப்பாம்பு, நான்கடி நீளம், நஞ்சு கிடையாது, நம் ஊர்ப் பாம்பை வைத்திருந்தால்தான் குற்றம் இது வெளிநாடு என்று அதற்கான பதிவுத் தாளைக்கூட பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறான். முதலில் தொரை என்றுதான் கூப்பிட்டானாம், நாள் முழுக்கத் தூக்கம், பக்கத்திலேயே கணப்பு, வாரத்துக்கு ஒரு விருந்து, யாரையும் மதிப்பதில்லை, இந்த மலையில் முன்னால் இருந்தவர்கள் வேறு என்ன செய்தார்கள் என்று சிரிப்பான், அப்புறம் பெண் என்று தெரிந்ததும் தொரைசானி ஆனாள். தொரைசானி இப்போது சிரிக்கிற மாதிரி இல்லை. கழுத்துக்குக் கீழே தோல் தளர்ந்து மடிந்திருந்தது, வயிற்றில் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இருந்த அந்த மேடு காணோம். மேடு எங்கே போயிற்று என்று தேட வேண்டியதில்லை, பெட்டியின் நடுவில் செய்தித்தாளை நனைத்துக்கொண்டு கிடந்தது. ரோமம் பாதி உதிர்ந்து, சாம்பல் நிறத்தில், நீளமாக, பார்த்ததும் எலி என்று சொல்ல முடியாத ஒன்று. ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவது தடவை, என்று அவளுக்குள் யாரோ நிதானமாகச் சொன்னார்கள்.

சாந்தகுமார் ஒன்றரை மணிக்கே மேட்டுப்பாளையத்திலிருந்து பேசிவிட்டார், சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறேன் சிஸ்டர், நாலு மணிக்குள் வந்துவிடுவேன் என்று. கோயம்புத்தூரில் தையல் மெஷின் சாமான் கடை வைத்திருக்கிறவர், வீட்டு மாடியில் இது மாதிரி ஆறேழு வளர்க்கிறார், கிளமென்ட்டுக்குப் பழக்கம். குழந்தை தவழ ஆரம்பிப்பதற்குள் பாம்பு வேறு வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது அவள் மசக்கையாக இருந்தபோதே பேசி வைத்தது, அவள்தான் கேட்டாள், கிளமென்ட் ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டு சரி என்றான். அந்தச் சரியை அவள் அன்றிலிருந்து மனதுக்குள் வைத்து எண்ணிக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு நாலு மணிக்கு மேல் இந்த வீட்டில் அவளும் குழந்தையும் மட்டும்தான், சனிக்கிழமை கிளமென்ட் வந்துவிடுவான், ராத்திரியில் பால் கரைக்க எழுந்திருக்கும்போது பெட்டியின் மூடி சரியாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியதில்லை. மூடியின் கொக்கி மாட்டியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுப் படுத்த பிறகு, கொக்கியைப் பார்த்தோமா அல்லது நேற்றுப் பார்த்தது ஞாபகம் வருகிறதா என்று யோசித்து மறுபடி எழுந்து போக வேண்டியதில்லை. நாலு மணி வரைதான். ஆனால் சாந்தகுமார் பேசும்போது இன்னொன்றும் சொன்னார், ரொம்ப சந்தோஷமாகச் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விருந்து வைக்கப் போகிறாராம், நல்ல பெரிய எலியாக எடுத்து வைத்திருக்கிறாராம். அப்போது ஜெசிந்தா சரிங்க என்றாள். அப்போது இந்த வாடை வந்திருக்கவில்லை. இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை எலி அவள் கண்முன் வந்து நின்றது, தொரைசானி அதை விழுங்குவாள், விழுங்காமல் இருக்க அவளுக்குத் தெரியாது, பிறகு மூன்றாவது தடவை. மூன்றாவது தடவை இந்த ஜாதிப் பாம்பு பெரும்பாலும் எழுந்திருப்பதில்லை என்று போனில் படித்திருந்தாள்.

எல்லாம் ஒரு பிளக்கில் ஆரம்பித்தது. வாடகை வீடு, பழைய ஒயரிங், குளிர்காலத்தில் ஊரே ஹீட்டர் போடுவதால் மின்சாரம் மங்கி மங்கி எரியும், அந்த அறையில் உருப்படியான பாயிண்ட் ஒன்றே ஒன்று. அதில்தான் தொரைசானியின் பெட்டிக்கு அடியில் விரித்திருக்கும் ஹீட் மேட் சொருகியிருக்கும், சமையலறை பாயிண்ட் தீப்பொறி விட ஆரம்பித்ததிலிருந்து செலினின் பால் பாட்டிலை ஆவியில் வேகவைக்கிற அந்த வெள்ளை மெஷினுக்கும் அதுதான். பத்தே நிமிடம், இதை உருவி அதைச் சொருகி, பிறகு அதை உருவி இதைச் சொருக வேண்டும், கிளமென்ட் போகும்போது கதவுக்குப் பின்னால் கொட்டை எழுத்தில் எழுதிக்கூட ஒட்டியிருந்தான். வால்பாறையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு டிரையர் பொருத்துகிற வேலை, இரண்டு வாரம், அங்கே சாயங்காலம் ஏழு மணிக்கு மேட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல். தனியா சமாளிச்சுடுவியா, பாளையங்கோட்டையிலேருந்து அக்காவை வரச் சொல்லட்டுமா என்று கேட்டான். ஜெசிந்தாவுக்கு நாத்தனாரின் முகம் ஞாபகம் வந்தது, பிரசவத்துக்கு வந்திருந்தபோது, நீ படுத்துக்கோ நான் பாத்துக்கறேன், நீ விடு நான் செய்யறேன், உனக்கு எதுதான் ஞாபகம் இருக்கு சொல்லு என்று குழந்தையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டே இருந்த முகம். எல்லாம் எனக்குத் தெரியும், ஒரு பாம்பையும் ஒரு குழந்தையையும் பாத்துக்கத் தெரியாதா என்று கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். மறுநாள் திங்கட்கிழமை காலையில் பிளக்கை உருவினாள். பாட்டில் வெந்தது, செலின் அழுதாள், பால் கரைத்தாள், செலின் கக்கினாள், துணி மாற்றினாள், தூங்கவைத்தாள், தானும் தூங்கினாள், எழுந்தாள், மறுபடி பாட்டில். மெஷின் சொருகியபடியே இருந்தது, எவ்வளவு சௌகரியம் என்றுகூட நினைத்தாளே, அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது. செவ்வாய்க்கிழமை இருட்டின பிறகு கதவை மூடும்போதுதான் அந்தக் கொட்டை எழுத்து கண்ணில் பட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள். முப்பத்திரண்டு காட்ட வேண்டிய தெர்மாமீட்டர் பதினான்கு காட்டியது. முந்தின ஞாயிறு ராத்திரிதான் கிளமென்ட் கையால் எலி கொடுத்துவிட்டுப் போயிருந்தான், வயிற்றில் எலியோடு ஒன்றரை நாள் அந்தக் குளிரில் கிடந்திருக்கிறாள். பாம்புக்கு உள்ளே அடுப்பு கிடையாது, அதற்குச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும், சூடு இல்லாவிட்டால் தின்றது செரிக்காமல் வயிற்றிலேயே அழுகும், அழுகினால் வெளியே தள்ளும். இதெல்லாம் அவள் பிறகு படித்தது. புதன்கிழமை காலையில் தொரைசானி தள்ளிவிட்டாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஏழு மணிக்குக் கிளமென்ட் பேசினபோது, ஏங்க, பிளக்கை மறந்துட்டேன், அவ கக்கிட்டா, என்று ஒரு மூச்சில் சொல்லியிருந்தால் அவன் என்ன, கொன்றா போட்டிருப்பான், அட என்று ஒரு சத்தம் போட்டிருப்பான், பதினாலு நாள் ஒன்றும் கொடுக்காதே, சூட்டைப் பார்த்துக்கோ, தண்ணி மாத்து, தொடாதே என்று சொல்லியிருப்பான், அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திருப்பான். அந்த மௌனத்தில் அவன் என்ன நினைப்பான் என்று அவளுக்குத் தெரியும், பிளக்கை மறந்தவள் வேறு எதை மறப்பாள் என்று, அடுப்பையா, வாளியில் நிரப்பின தண்ணீரையா, கட்டில் ஓரத்தில் கிடத்தின குழந்தையையா. அவன் நினைக்காவிட்டாலும் அவள் நினைப்பாள். மறுநாள் காலையில் அக்கா பஸ் ஏறியிருப்பாள். ஆகவே புதன்கிழமை கக்கினதைப் பின்பக்கம் கொண்டுபோய் நீலப் பூச்செடிக்கு அடியில் களைக்கொத்தால் குழி தோண்டிப் புதைத்தாள், பெட்டியைக் கழுவினாள், பிளக்கின் மேல் அகலமான பிளாஸ்திரி ஒட்டினாள், இனி யாரும் உருவ முடியாது, மெஷினைச் சமையலறைக்கே கொண்டுபோய் அந்தத் தீப்பொறி பாயிண்டில் பயந்து பயந்து போட்டாள். சாயங்காலம் சாப்பாடெல்லாம் செரிச்சுதா என்று அவன் கேட்க, ம் என்றாள். அந்த ம்-தான். சனிக்கிழமை அவன், நாளைக்கு அவளுக்கு எலி கொடுத்துடு, சாந்தகுமார் வியாழக்கிழமை வர்றார், இடையில நாலு நாள் செரிக்க ஆகும் என்றபோது, அவள் அதற்குள் எல்லாம் படித்துவிட்டிருந்தாள். ஒரு தடவை கக்கின பாம்பின் வயிறு புண்ணாகியிருக்கும், தொண்டையெல்லாம் எரிந்திருக்கும், உள்ளே ஊற வேண்டிய நீரெல்லாம் எலியோடு போயிருக்கும், அது திரும்ப ஊற இரண்டு வாரமாவது வெறும் வயிறாகப் போட வேண்டும், பிறகும் முதலில் ஒரு சின்ன எலிக்குஞ்சுதான், வழக்கத்தில் பாதிகூட வேண்டாம். தெரியும். தெரிந்துகொண்டேதான் ஞாயிற்றுக்கிழமை ஃப்ரீசரைத் திறந்து, கீழ்த்தட்டு ஐஸ்கிரீம் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து, வெந்நீரில் போட்டு இளக்கி, இடுக்கியால் நீட்டினாள். தொரைசானி தலையைத் தூக்கி அவளை ஒரு தடவை பார்த்தாள், அப்படித் தோன்றியது, பிறகு பிடித்துக்கொண்டாள். பசியில்லாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பாள். பசித்த பிராணிக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியாது என்பதுதான் ஜெசிந்தாவுக்கு வசதியாக இருந்தது. சாப்பிட்டாளா என்று ஏழு மணிக்குக் கேட்டான். ஒரே வாய்ல, என்றாள்.

பள்ளிக்கூடத்தில் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்பார்கள். விடுதிப் பெண்கள் எல்லாரும் முக்காடு போட்டுக்கொண்டு, குளிரில் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, முன்னால் நிற்பவள் காதில் கிசுகிசுத்துக் கணக்குப் போடுவார்கள், ஏன் என்றால் பாவத்தைச் சொன்னால் மட்டும் போதாது, எத்தனை தடவை என்றும் சொல்ல வேண்டும், சிஸ்டர் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். பொய் சொன்னேன் சாமி. எத்தனை தடவை. சாப்பாட்டை வீணாக்கினேன் சாமி. எத்தனை தடவை. ஜெசிந்தாவுக்கு எண்ணி வைக்கத் தெரிந்ததில்லை, அதனால் எதைக் கேட்டாலும் மூன்று என்பாள், பொய் மூன்று, கோபம் மூன்று, ஜெபத்தில் பராக்கு மூன்று. மூன்று என்பது கேட்க நன்றாக இருந்தது, ஒன்று என்றால் மறைக்கிறாள் என்று தோன்றும், பத்து என்றால் வெட்கம். பாவம் கேட்கிற பெரிய சாமி பலகணிக்கு அந்தப் பக்கம் இருந்து எப்போதும் ஒரே அளவு அபராதம்தான் கொடுத்தார். அந்த மூன்று பொய் என்பதே நாலாவது பொய்யாயிற்றே, அதை எந்த மாதக் கணக்கில் சேர்ப்பது என்று ஒரு தடவை வரிசையில் நிற்கும்போது தோன்றி, பயத்தில் அன்றைக்குப் பூசையில் நன்மை அப்பம் வாங்காமலே திரும்பிவிட்டாள். இப்போது அது எதற்கு ஞாபகம் வருகிறது. போன வாரம் தடுப்பூசிக்குப் போனபோது நர்ஸும் அதையேதான் கேட்டார், நாளைக்கு எத்தனை தடவை கக்கறா. ஜெசிந்தா உடனே நோட்டை எடுத்துக் காட்டினாள், தேதி, நேரம், தயிராகக் கக்கியதா தண்ணீராகக் கக்கியதா, ஒரு கரண்டியா அரைக் கரண்டியா, எல்லாம் பென்சிலில் கோடு போட்டு. நர்ஸ் சிரித்துவிட்டார், ஏம்மா எடை நல்லாத்தானே ஏறுது, பாலைக் குடிச்சிட்டுத் தோள்ல கொஞ்சம் வழிய விடறது எல்லாப் பிள்ளையும் பண்றதுதான், இதுக்குப் போயா நோட்டு என்றார். அந்த நோட்டில் ஒரு தடவைகூட அவள் மூன்று என்று சும்மா எழுதியதில்லை. ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் கக்குகிறார்கள், ஒருத்தி கக்குவது ஒன்றுமே இல்லாதது, அதற்கு நோட்டு, இன்னொருத்தி கக்குவது உயிர் போகிற விஷயம், அதற்கு ஒரு கோடுகூட இல்லை.

ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு மூடியைத் திறந்தாள். முதலில் தொரைசானியை நகர்த்தக் கூடாது, இந்த நிலைமையில் கையால் தூக்குவதே அவளுக்கு அடி மாதிரி. கக்கியதைச் செய்தித்தாளோடு சேர்த்து மெதுவாகச் சுருட்டி எடுத்தாள், பாதி கரைந்திருந்தது, போன தடவை முழுசாக வந்தது, பாதி கரைந்து வந்தால் உள்ளே இன்னும் அதிக நேரம் போராடியிருக்கிறாள் என்று அர்த்தம். இரண்டு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டினாள். புதுத் தாள் விரித்தாள், கிண்ணத்தை எடுத்துக் கழுவி ஆறவைத்த தண்ணீர் ஊற்றினாள், ஓரத்தில் ஒட்டியிருந்ததைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தாள். பள்ளிக்கூடத்தில் மே மாதம் மாதாவின் சுரூபத்தைக் கழுவும்போது குள்ளமாக இருந்ததால் எப்போதும் அவளுக்குப் பாதமும் அதன் கீழே நசுங்கிக் கிடக்கும் பாம்பும்தான் வரும், திறந்திருக்கும் அந்த வாய்க்குள் பிரஷ்ஷை விட்டுத் தேய்க்கும்போதெல்லாம் இதற்கு வலிக்குமோ என்று நினைத்துவிட்டு அதற்கும் ஒரு பாவம் சேர்த்துக்கொள்வாள். இந்தப் பாம்பின் வாய் மூடியிருந்தது. குனிந்து பார்த்தாள், இவ்வளவு பக்கத்தில் அவள் பார்த்ததே இல்லை. வாயோரத்தில் நுரை இல்லை, மூக்குத் துளையில் குமிழி இல்லை, மூச்சு விடும்போது கிர் என்ற சத்தம் இல்லை, அதெல்லாம் இருந்தால் சளி நெஞ்சுக்குப் போய்விட்டது என்று அர்த்தம், இப்போதைக்கு இல்லை. விலா மட்டும் மெதுவாக ஏறி இறங்கியது, செலினின் வயிறு மாதிரியேதான், இவள் பார்க்கிறாள் என்பது தெரியாமல். நாக்கு ஒரு தடவை வெளியே வந்து தண்ணீரைத் தொட்டுவிட்டு உள்ளே போயிற்று. குடி, என்றாள் ஜெசிந்தா. தான் பாம்போடு பேசியது கேட்டுத் திடுக்கிட்டாள். இத்தனை மாதமாக இதன் முகத்தைப் பார்க்காமலே இது போக வேண்டும் என்று நினைத்திருக்கிறாள்.

மணி மூன்றேகால். இப்போது அந்த அறையில் ஒன்றும் நடந்ததற்கு அடையாளம் இல்லை, ஜன்னலைத் திறந்து ஊதுபத்தி ஏற்றினால் வாடையும் போய்விடும், தாள் புதிது, தண்ணீர் புதிது, தெர்மாமீட்டர் முப்பத்திரண்டு. சாந்தகுமார் வருவார், பார்ப்பார், தலையணை உறைக்குள் விட்டுக் கட்டித் தெர்மகோல் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போவார். பதினாலு கொண்டை ஊசி வளைவு குலுங்கிக்கொண்டே இறங்கும். அடுத்த வாரம் போன் பண்ணி, என்னமோ தெரியலைங்க, வந்த இடம் ஒத்துக்கலை போல, என்பார். கிளமென்ட் ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருப்பான், அப்புறம் சரியாகிவிடும். யாருக்கும் தெரியாது. கவரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். நீலப் பூச்செடிக்கு அடியில் மண் இன்னும் பொலபொலவென்றுதான் இருந்தது, களைக்கொத்து அங்கேயே கிடந்தது, பக்கத்திலேயே இன்னொரு குழி, ஐந்து நிமிட வேலை. உட்கார்ந்தாள். ஒரு கொத்து கொத்தினாள். மறந்தது பாவமில்லை என்று அவளுக்குத் தெரியும், எந்தச் சாமியைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார், தூக்கமில்லாத பெண்பிள்ளை ஒரு பிளக்கை மறந்தாள், அவ்வளவுதான். மறந்தவளைப் பார்த்து அவளுக்கு அவ்வளவு பயமில்லை என்பது இப்போது கொத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லாம் தெரிந்துகொண்டு, இடுக்கியை நீட்டி, ஒரே வாய்ல என்று சொன்னாளே, அவளைப் பார்த்துத்தான் பயமாக இருந்தது. நாளைக்குச் செலினுக்குக் காய்ச்சல் அடித்து, அது தன்னால் வந்தது என்றால், அப்போதும் அவள் ம் என்பாளா. யார் என்ன நினைப்பார்களோ என்று ஒரு நாள் தள்ளிப்போடுவாளா. மாட்டேன் என்று உடனே உள்ளே ஒரு குரல் கத்தியது, நோட்டு வைத்திருக்கிறேனே, என்று. இன்னொரு குரல், அது நர்ஸ் கேட்பார் என்பதற்காக வைத்த நோட்டு, என்றது. வாசலில் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது, நாலு மணி என்றவர் மூன்றரைக்கே வந்துவிட்டார். ஜெசிந்தா எழுந்து கவரை வாளிக்குப் பின்னால் வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

சாந்தகுமார் அவள் நினைத்திருந்ததைவிடக் குள்ளமாக, மங்கி குல்லா போட்டுக்கொண்டு, கையில் மீன்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி வெள்ளைப் பெட்டியோடு நின்றார். உங்கூர்க் குளிரு எலும்பைத் தொடுதுங்க சிஸ்டர், இதுல எப்படித்தான் கைக்குழந்தையை வெச்சிருக்கீங்களோ என்றார். கார் முழுக்கச் சூடு வைத்துக்கொண்டு வந்ததாகவும், தனக்குத்தான் வேர்த்துவிட்டது, பொண்ணுக்கு இதமாக இருக்கும் என்றும் சொன்னார். சம்பந்தி வீட்டுக்குப் பெண் அழைக்க வந்தவர் மாதிரி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். காபி சாப்பிடுகிறீர்களா என்று அவள் கேட்டாள், வேண்டாங்க இருட்டறதுக்குள்ள எறங்கோணும் என்றார். அறைக்குள் போய்ப் பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். மூடியைத் திறக்கவில்லை. மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார், அவ்வளவுதான், ஊதுபத்தி ஏற்ற அவள் மறந்துவிட்டிருந்தாள்.

“ஞாயித்துக்கிழமை சாப்பிட்டாள்னு சார் சொன்னாருங்க,” என்றார் திரும்பாமலே. “தங்குச்சுங்களா?”

தங்குச்சு என்ற சொல் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது, அவ்வளவு சின்னச் சொல், ம் அளவுக்குத்தான். “தங்கலை,” என்றாள் ஜெசிந்தா.

“எத்தனை தடவைங்க?”

ஒன்று என்றால் சின்னப் பிசகு, யாருக்கும் வரும். மூன்று என்றால் அது வெறும் பழக்கம். முழங்காலில் குளிர் ஏறியது, கை தன்னால் கக்கத்துக்குள் போயிற்று.

“ரெண்டு,” என்றாள். “போன வாரம் புதன்கிழமை ஒரு தடவை, நான் பிளக்கை மறந்துட்டேன், ஒன்றரை நாள் சூடில்லாம கிடந்தா. ரெண்டாவது நான் மறக்கலை. கொடுக்கக் கூடாதுன்னு தெரியும். தெரிஞ்சேதான் கொடுத்தேன். அவருக்கு இன்னும் தெரியாது.”

சாந்தகுமார் எழுந்திருக்கவில்லை. ஏன் என்று கேட்பார் என்று நினைத்தாள், கேட்கவில்லை. கண்ணாடியில் விரலை வைத்துத் தொரைசானியின் விலாவை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே போனார். “இதோட இவளை மலையெறக்கக் கூடாதுங்க,” என்றார் கடைசியில். “ஒவ்வொரு வளைவுக்கும் வயிறு பெரளும். இருக்கற எடத்துலயே இருக்கட்டும். இன்னைலேருந்து பதினாலு நாள் பட்டினி. தண்ணி மட்டும். தொடவே கூடாது. பசியில எட்டிப் பார்ப்பா, கண்ணாடில வந்து முட்டுவா, மனசு கேக்காது உங்களுக்கு, அப்பவும் குடுக்கக் கூடாது. அதுக்கப்பறம் நானே ஒரு எலிக்குஞ்சு கொண்டாறேன். உங்களால முடியுங்களா?” கக்கினதைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா என்றும் கேட்டார், பாம்பு பார்க்கிற ஒரு டாக்டரம்மா கோயம்புத்தூரில் இருக்கிறார்கள், ரெண்டு தடவை ஆயிட்டதால் பூச்சி கீச்சி இருக்கிறதா என்று அவர்கள் பார்த்துவிடுவது நல்லது என்றார். ஜெசிந்தா பின்பக்கம் போய் வாளிக்குப் பின்னாலிருந்து கவரை எடுத்துவந்தாள். அவர் அதை வாங்கி, தொரைசானிக்காகக் கொண்டுவந்த வெள்ளைப் பெட்டியில் தலையணை உறைக்கு மேல் பத்திரமாக வைத்து மூடினார். ஐம்பது மைல் வந்து இதை எடுத்துக்கிட்டுப் போறேன் பாருங்க என்று முதல் தடவையாகச் சிரித்தார். செருப்பை மாட்டும்போது, சாருக்கு நான் சொல்லட்டுங்களா என்றார். வேண்டாம், நானே சொல்றேன், என்றாள். முடியுங்களா என்று அவர் கேட்டதற்கு அவள் இன்னும் பதில் சொல்லவில்லை என்பது கார் திரும்பின பிறகுதான் ஞாபகம் வந்தது. உள்ளே செலின் எழுந்துவிட்டாள்.

பதினாலு நாள் என்றால் பதினாலு ராத்திரி, அதற்குப் பிறகு அந்தக் குஞ்சு தங்குகிறதா என்று பார்க்க இன்னும் ஒரு வாரம், அதுவரை டார்ச், கொக்கி, படுத்த பிறகு மறுபடி எழுந்திருப்பது. பயம் ஒன்றும் குறையவில்லை, குறையும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள் போலிருக்கிறது, ஏமாற்றமாக இருந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். வெள்ளை மெஷினை அந்தத் தீப்பொறி பாயிண்டிலிருந்து உருவி, ஒயரைச் சுற்றி அலமாரி மேல்தட்டில் வைத்தாள். இட்லிப் பானையில் தண்ணீர் ஊற்றி அடுப்பேற்றி பால் பாட்டில்களை அதில் போட்டாள், இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை, மெஷின் இருக்கும்போது பானை எப்படித் தோன்றும். நோட்டை எடுத்தாள். செலினின் பக்கத்தைத் தள்ளி, புதுப் பக்கத்தில் கோடு போட்டு, தொரைசானி என்று எழுதினாள், போன வாரம் புதன் ஒன்று முழுசாக, வியாழன் ஒன்று பாதி கரைந்து, நுரை இல்லை, சத்தம் இல்லை, மூன்று மணிக்கு நாக்கால் தண்ணீரைத் தொட்டாள். எழுதிக்கொண்டிருக்கும்போதே தோளில் வெதுவெதுப்பாக ஏதோ வழிந்தது, செலின் கக்கியிருந்தாள், அரைக் கரண்டியா ஒரு கரண்டியா என்று பார்க்கக் கை பழக்கத்தில் எழுந்தது, துண்டை எடுத்துத் துடைத்தாள், நோட்டில் எழுதவில்லை. இருட்டியது. ஏழு அடிக்க நாலு நிமிடம் இருக்கும்போது போனைக் கொண்டுபோய் தொரைசானியின் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். தொரைசானி பூந்தொட்டிக்குள் திரும்பப் போயிருந்தாள், வால் நுனி மட்டும் தெரிந்தது. ராத்திரிக்காக மறுபடி அடுப்பேற்றிய பானையில் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. போன் அடித்தது. மேட்டில் காற்று பலமாக இருந்தது போல, கிளமென்ட்டின் குரல் விட்டு விட்டு வந்தது, போயிட்டாளா, அழுகாச்சியா இருக்கு இங்க எனக்கு, வண்டியில ஒழுங்கா ஏறினாளா, என்று.

“போகலை,” என்றாள் ஜெசிந்தா. “இங்கதான் இருக்கா, என் பக்கத்துல. சிக்னல் போகாத இடமாப் பாத்து நின்னுக்கோங்க. முதல்லேருந்து சொல்றேன்.”